மாத்திரை கொடுத்தும் உண்ணி போகவில்லையே, ஏன்?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியவனுக்கு 4 வயது, 18 கிலோ. குட்டிக்கு 3 மாதம், 4 கிலோ. பெரியவன் மேல் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் அதிகமாக இருந்ததால், தெரிந்தவர் ஒருவர் சொல்லி 500 மி.கி. ஃப்ளூராலானர் மெல்லும் மாத்திரை வாங்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தோம். இன்றோடு 10 நாள் ஆகிறது. தெள்ளு 2 நாளில் காணாமல் போனது. இப்போது மறுபடி தெரிகிறது. காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருந்துகொண்டே இருக்கிறது, சுவரிலும் ஏறுகிறது. மாத்திரை போலியா? இன்னொன்று இப்போதே கொடுக்கலாமா? அடுத்த முறை 1000 மி.கி. மாத்திரை ஒன்றை வாங்கி, பாதியைப் பெரியவனுக்கும் எட்டில் ஒரு பங்கைக் குட்டிக்கும் வெட்டிக் கொடுத்தால் போதாதா? பெரியவனுக்கு 2 வயதில் ஒரு முறை வலிப்பு வந்து தானாக நின்றது, அதற்குப் பிறகு வரவில்லை. இதையும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதில்: நீங்கள் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கும் வலிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

ஃப்ளூராலானர், அஃபாக்சோலானர், சாரோலானர், லோட்டிலானர் நான்கும் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். பிரேவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா, கிரெடெலியோ என்று முறையே இவற்றின் வணிகப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். பூச்சி, உண்ணி ஆகியவற்றின் நரம்பில் குளோரைடு போகும் வாயில்களை அடைத்து, நரம்பு கட்டுக்கடங்காமல் துடிக்கும்படி செய்து கொல்வதுதான் இவற்றின் வேலை. பாலூட்டிகளின் நரம்பில் இந்தப் பிடிப்பு மிகக் குறைவு என்பதால்தான் நாய்க்குக் கொடுக்க முடிகிறது. இருந்தாலும் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்ததாகத் தகவல்கள் சேர்ந்ததால், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் இந்தக் குடும்பம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. பெரும்பாலான நாய்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் தாங்கிக்கொள்கின்றன. இதற்கு முன் வலிப்பு வந்திராத நாய்க்கும் அபூர்வமாக வரலாம். ஏற்கெனவே வந்த நாய் என்றால் கொடுப்பதற்கு முன் மருத்துவரோடு பேசியே ஆக வேண்டும்.

கொடுத்து 10 நாள் ஆகிவிட்டது. ஃப்ளூராலானர் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள்தான். அந்தக் கட்டத்தை உங்கள் நாய் ஒன்றும் ஆகாமல் கடந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 12 நாள் பிடிக்கும். ஆக, உள்ளே மருந்து இன்னும் கணிசமாக இருக்கிறது. இதன் மேல் இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள். தசை துடிப்பது, நடை கோணுவது, வெறித்துப் பார்ப்பது, வாய் ஓரம் இழுப்பது போன்றவை தெரிந்தால் உடனே கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பே வந்துவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் கை விட வேண்டாம், பக்கத்தில் இடித்துக்கொள்ளும் பொருட்களை நகர்த்தினால் போதும். 5 நிமிடத்தில் நிற்காவிட்டாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும் அது அவசர சிகிச்சைக்குரியது.

மாதம் ஒரு முறை கொடுக்கும் மாத்திரை என்றால் சீக்கிரம் வெளியேறிவிடும், வலிப்பு நாய்க்கு அது பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அஃபாக்சோலானர் பாதியாகக் குறையச் சுமார் 2 வாரம் ஆகும், லோட்டிலானருக்கு ஏறத்தாழ ஒரு மாதம். 30 நாளுக்கு ஒரு முறை என்பது உண்ணியைக் கொல்லும் அளவு எத்தனை நாள் நிற்கிறது என்பதைச் சொல்லும் கணக்கு. மருந்து உடம்பை விட்டு முழுதாகப் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

இனி உண்ணிக்கு வருவோம். மாத்திரை போலியா என்று கேட்கும் முன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். வாய்வழி மருந்து எதுவும் உண்ணியை விரட்டாது. உண்ணி ஏறும், கடிக்கும், ரத்தத்தை உறிஞ்சும். அந்த ரத்தத்தோடு மருந்து உள்ளே போன பிறகுதான் சாகும். தெள்ளு சில மணி நேரத்தில் செத்துவிடும். உண்ணிக்கு 12 மணி நேரத்திலிருந்து 2 நாள் வரை கூட ஆகலாம். செத்த உண்ணியும் உடனே உதிராமல் வாய்ப்பகுதி தோலில் மாட்டியபடி சில நாள் தொங்கிக்கொண்டிருக்கும். எனவே நாயின் மேல் உண்ணி கண்ணில் பட்டதை மட்டும் வைத்து மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. எந்த மாதிரி உண்ணி என்று பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டி உண்ணியின் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுங்கள். உடம்பை நசுக்கக் கூடாது. எண்ணெய் விடுவதும் தீயால் சுடுவதும் வேண்டாம், உண்ணி வயிற்றில் உள்ளதை நாயின் தோலுக்குள்ளேயே கக்கிவிடும். எடுத்ததை வெள்ளைக் காகிதத்தில் வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், தட்டையாக, 3 மி.மீ. அளவில் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது புதிதாக ஏறியது, இன்னும் சாகவில்லை என்று பொருள். காய்ந்து சுருங்கி, கால்கள் மடங்கி, ஊசியால் தொட்டாலும் அசையாவிட்டால் மருந்து வேலை செய்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் உப்பி, 1 செ.மீ. வரை பருத்து உயிரோடு இருந்தால்தான் சிக்கல். பெண் உண்ணி அப்படிப் பருப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் தொடர்ந்து ரத்தம் குடித்திருக்க வேண்டும். மாத்திரை கொடுத்து 10-வது நாளில் அப்படி ஒன்று உயிரோடு கிடைத்தால், கொல்லும் அளவுக்கு ரத்தத்தில் மருந்து இல்லை என்று சந்தேகிக்கலாம். ஆண் உண்ணி எவ்வளவு குடித்தாலும் இப்படி ஊதாது, ஆகவே தட்டையாக இருப்பவற்றையெல்லாம் புதிது என்று கணக்கு வைத்துவிடாதீர்கள். ஊதிய பெண்தான் நம்பகமான சாட்சி. மருத்துவரிடம் காட்டச் சிலவற்றைச் செலோ டேப்பால் காகிதத்தில் ஒட்டி வைத்துவிட்டு, மற்றவற்றைச் சாராயத்தில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

உங்கள் நாயின் விஷயத்தில் மருந்து குறைந்திருக்க ஒரு காரணம் உண்டு. வெறும் வயிற்றில் கொடுத்தீர்கள். ஃப்ளூராலானரை உணவோடு கொடுத்தால் உறிஞ்சப்படும் அளவு, பட்டினியில் கொடுப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல். லோட்டிலானரில் வித்தியாசம் இன்னும் கடுமை: வெறும் வயிற்றில் கால் பங்குதான் உடம்பில் சேரும், சாப்பிட்ட வயிற்றில் ஐந்தில் நான்கு பங்கு. அதனால்தான் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு 30 நிமிடத்துக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். அஃபாக்சோலானர், சாரோலானர் இரண்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மாத்திரையின் அளவைப் பொறுத்தவரை தவறில்லை. 500 மி.கி.யை 18 கிலோவால் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 28 மி.கி. வருகிறது, தேவையானது 25 முதல் 56 வரை. ஆனால் குறைந்தபட்சத்தை ஒட்டியே நிற்கும் அளவு இது. அதில் பாதி குடலோடு போய்விட்டால் 12 வாரம் காக்க வேண்டிய மருந்து முன்கூட்டியே தளர்ந்துவிடும். மாத்திரை போலியாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு, உறையில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக அச்சாகியிருந்ததா, தகட்டு உறை பிரிக்கப்படாமல் இருந்ததா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் வெறும் வயிறும் வீட்டிலிருக்கும் உண்ணியுமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை கொடுத்த பிறகு 2 மணி நேரம் கண்ணை எடுக்காமல் இருங்கள். வாந்தி எடுத்தால் அதில் மாத்திரைத் துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். அஃபாக்சோலானர் என்றால் 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் முழு மாத்திரையை மறுபடி கொடுக்கச் சொல்லும் குறிப்பு லேபிளிலேயே உண்டு. வாந்தி, இளகிய மலம், ஒரு நாள் சாப்பாட்டில் நாட்டமின்மை ஆகியவைதான் இந்தக் குடும்பத்தில் அடிக்கடி தெரியும் பக்கவிளைவுகள்.

தெள்ளு மறுபடி தெரிவதற்குக் காரணம் நாயின் மேல் இல்லை, தரையில் இருக்கிறது. நாயின் மேல் தெரியும் பெரிய தெள்ளுகள் மொத்தக் கூட்டத்தில் சிறு பகுதிதான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக விரிப்பிலும் சோபா மடிப்பிலும் கட்டிலடியிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை இடும். முட்டை ஒட்டாது, நாய் உதறும் இடமெல்லாம் உதிரும். இதில் கூட்டுப்புழுப் பருவம்தான் தலைவலி. கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் எந்தத் தெளிமருந்தும் உள்ளே போகாது. நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே பாய்ந்து வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். மாத்திரை சாப்பிட்ட நாயின் மேல் இன்று குதிக்கும் தெள்ளு, சில வாரம் முன் விழுந்த முட்டையிலிருந்து வந்தது. கடித்த சில மணி நேரத்தில் அது செத்துவிடும். முதல் முட்டை போட ஒரு நாளுக்கு மேல் தேவை என்பதால் அடுத்த தலைமுறைக்கு வழி இருக்காது. இப்படியே தரையிலிருப்பவை தீர்ந்துவர 2, 3 மாதம் ஆகும்.

தெள்ளு விஷயத்திலும் மருந்து வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். நெருங்கிய பற்கள் கொண்ட தெள்ளுச் சீப்பால் வாலடியில் வாருங்கள். வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் துருச் சிவப்பாக ஊறும். அது செரித்த ரத்தம், தெள்ளின் எச்சம். வாரத்துக்கு ஒரு முறை இப்படிப் பாருங்கள். பொடி குறைந்துகொண்டே வந்தால் மருந்து சரியாகத்தான் போகிறது. அதே அளவில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுவரில் ஏறும் உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள். அது அநேகமாகப் பழுப்பு நாய் உண்ணி. மற்ற உண்ணிகள் பெரும்பாலும் புல்லிலும் புதரிலும் வாழும். வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது இந்த வகை. இளம்புழு, இளம்பருவம், வளர்ந்தது என்ற மூன்று பருவத்திலும் நாயின் ரத்தத்தையே குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து சுவர் வெடிப்பு, கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு, கூண்டின் மூலை என்று ஒளிந்து தோலுரித்துவிட்டு மறுபடி ஏறும். பெண் ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுச் சாகும். வெப்பமான வீட்டில் முட்டையிலிருந்து முட்டை வரை இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனாலே போதும். பட்டினியிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாத்திரை கொடுத்த நாய் இந்த வீட்டில் நடமாடும் உண்ணிப்பொறி. ஆனால் வீட்டில் இருக்கும் உண்ணிகள் ஒவ்வொன்றாக அதைக் கடித்துச் சாகும் வரை காத்திருந்தால் பல மாதம் ஓடிவிடும்.

எனவே வீட்டுக்கும் வைத்தியம் வேண்டும். வெடிப்புகளைச் சிமென்டாலோ மாஸ்டிக்காலோ அடையுங்கள். நாய் படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். வேக்குவம் கிளீனரை விளிம்புகளிலும் கட்டிலடியிலும் ஓட்டி, பையை அப்போதே கட்டி வெளியே எறியுங்கள். வேக்குவத்தின் அதிர்வு கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை வெளியே வரவும் தூண்டும் என்பது கூடுதல் லாபம். தெள்ளுக்கு மெத்தோபிரீன் அல்லது பைரிபிராக்சிஃபென் கலந்த தெளிமருந்து முட்டையையும் புழுவையும் நிறுத்தும். உண்ணிக்கு அவை போதாது, சுவர் வெடிப்புகளில் தங்கி நின்று கொல்லும் மருந்து தேவை. இதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரிடம் விடுவது நல்லது. மருந்து காயும் வரை நாய்களையும் குழந்தைகளையும் வெளியே வைக்க வேண்டும். மீன் தொட்டியும் பூனையும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இப்படித் தெளிக்கும் மருந்துகளில் இருக்கக்கூடிய பெர்மெத்ரின் இரண்டுக்கும் எமன்.

குட்டியைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் வருகிறது. 1000-ல் பாதி 500, எட்டில் ஒரு பங்கு 125. 4 கிலோவுக்குக் கிலோவுக்கு 31 மி.கி. ஆனால் இது பிளப்பதற்கென்று கோடு போட்ட மாத்திரை இல்லை. உடைக்கவோ பிரிக்கவோ கூடாது என்று குறிப்பிலேயே இருக்கிறது. கத்தி வைத்தால் உதிரும், கண்ணளவில் எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 70-ம் இன்னொன்று 250-ம் ஆகிவிடும். 70 என்றால் கிலோவுக்கு 17.5, குறைந்தபட்சத்துக்குக் கீழே. 250 என்றால் 62.5, மேல் வரம்பைத் தாண்டிவிட்டது. வெட்டிய மீதியை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பது அதைவிட மோசம்.

தவிர, ஃப்ளூராலானர் மாத்திரைக்குக் குறைந்தபட்ச வயது சில நாடுகளில் 8 வாரம், சிலவற்றில் 6 மாதம். உங்கள் கையில் இருக்கும் உறை என்ன சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். 3 மாதக் குட்டிக்கு அதைவிட மாத மாத்திரையே பொருத்தம், வயது தடை இல்லாத இடத்திலும் என் தேர்வு அதுதான். 12 வாரத்தில் இது 4 கிலோவிலிருந்து எங்கேயோ போய்விடும், அன்று கொடுத்த அளவு வளர்ந்த உடம்புக்குப் பற்றாது. மாதம் ஒன்று என்றால் மாதம் ஒரு முறை எடை பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம். 8 வாரம் தாண்டிய, 2 கிலோவுக்கு மேற்பட்ட குட்டிக்கு அஃபாக்சோலானர், லோட்டிலானர் இரண்டையும் கொடுக்கலாம். அஃபாக்சோலானரின் சிறிய மாத்திரை 11.3 மி.கி., அடுத்தது 28.3. பல உறைகளில் இவை இரண்டுக்கும் நடுவிலான கோடு சரியாக 4 கிலோவில் விழுகிறது. எனவே குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்து, அன்றைய எடையை வைத்து வாங்குங்கள். போன மாத நினைவை வைத்து வாங்காதீர்கள்.

குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தெள்ளு மிகுந்த குட்டிக்கு ரத்தசோகை சீக்கிரம் வரும். அப்போது அன்றைக்கே தெள்ளைக் குறைக்க நைட்டன்பிராம் உதவும். 4 வாரம் தாண்டிய, 0.9 கிலோவுக்கு மேற்பட்ட குட்டிக்குக் கொடுக்கலாம். 30 நிமிடத்தில் தொடங்கி ஒரு நாளில் ஓய்ந்துவிடும். உண்ணிக்கு அது ஒன்றும் செய்யாது. ஸ்பினோசாடும் அப்படியே, தெள்ளுக்கு மட்டும்தான். வலிப்பு வந்த நாய்க்கு அதையும் எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும். கால்நடைகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யாராவது மலிவான வழி என்று சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். காலி (Collie) என்ற இன நாய்களிலும் அவற்றின் கலப்பிலும் பலவற்றுக்கு அந்த அளவு மூளை வரை போய்க் கோமாவில் தள்ளும். ஸ்பினோசாடோடு சேர்ந்தால் எந்த நாய்க்கும் ஆபத்து கூடும்.

தெள்ளை விழுங்கிய நாய்க்கு நாடாப்புழு வரும். மலத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் அரிசி மணி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் பிராசிக்வான்டெல் தேவைப்படும். உண்ணி மாத்திரை இதற்கு உதவாது.

உண்ணி கடித்த பிறகே சாகிறது என்பதால் நோய் பரவும் வாய்ப்பு முழுதாக மூடப்படுவதில்லை. பெபேசியா கிருமி பரவ வழக்கமாக 2 நாள் ஒட்டியிருக்க வேண்டும், அதற்குள் மருந்து பெரும்பாலும் கொன்றுவிடும். எர்லிக்கியா கிருமியோ உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே பரவக்கூடும். இத்தனை உண்ணி ஏறிய நாய் என்பதால் அடுத்த 3 வாரம் பெரியவனைக் கவனியுங்கள். காய்ச்சல், சோர்வு, சாப்பிட மறுப்பது, மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, தேநீர் நிறச் சிறுநீர் இவற்றில் எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பெரியவனுக்கு அடுத்து என்ன என்பது வலிப்பைப் பற்றி மருத்துவர் என்ன முடிவெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. என் விருப்பத்தைக் கேட்டால், காரணம் தெரியாத வலிப்பு ஒன்று பதிவில் இருக்கும்போது, ஐசாக்சசோலினைத் தவிர்த்து, ஃப்ளூமெத்ரினும் இமிடாக்ளோப்ரிடும் கலந்த கழுத்துப்பட்டை அல்லது பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முதலில் பார்ப்பேன். பட்டைக்கு இன்னொரு பலனும் உண்டு: உண்ணி கடிப்பதற்கு முன்பே விலக்க முயலும், எர்லிக்கியா பயத்துக்கு அது பொருத்தம். ஆனால் குட்டி பெரியவனின் கழுத்துப்பட்டையைக் கடித்து விளையாடும் வயது. அப்படியானால் பட்டை கட்டாமல் சொட்டு மருந்துக்குப் போக வேண்டியிருக்கும். ஊதிய உயிருள்ள பெண் உண்ணிகள் கிடைத்தால், 12 வாரம் வரை காத்திருக்காமல் இவற்றில் ஒன்றை எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரையின் உறை, கொடுத்த தேதி, காகிதத்தில் ஒட்டிய உண்ணிகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்கு முன் ஏதாவது மருந்து கொடுத்திருந்தீர்களா, நாய் எதையாவது தின்றிருந்ததா என்பதையும் நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு போங்கள். வலிப்பு வந்த வாரம் ஏதாவது உண்ணி மருந்து போட்டிருந்தது நினைவுக்கு வந்தால் அதன் பெயரை முதல் வரியிலேயே எழுதுங்கள்.